டி.என்.ஏ.யின் முறுக்கும் மரபணுக்களின் விழிப்பும்

இரண்டு புரிகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு ஒன்றை இரண்டு முழ நீளத்திற்கு எடுத்துக் கொள்ளுங்கள். அதன் இரு முனைகளையும் நண்பர்கள் இருவர் சுழல விடாமல் இறுகப் பிடித்துக் கொள்ளட்டும். கயிற்றின் நடுவில், புரிகள் இரண்டிற்கும் இடையே ஒரு பென்சிலைச் செருகுங்கள். பென்சிலும் சுழலக் கூடாது. இனி அதை ஒரு பக்கமாக மெல்லத் தள்ளிக்கொண்டே செல்லுங்கள். பென்சிலுக்கு முன்னால் உள்ள கயிற்றில் முறுக்கு மேலும் மேலும் இறுகுவதைக் காண்பீர்கள். பின்னால் உள்ள பகுதியிலோ முறுக்குத் தளர்ந்து, புரிகள் நெகிழ்ந்து நிற்கும். சற்றுத் தொலைவு சென்றதும் பென்சில் நகர மறுக்கும். அந்நிலையில் முன்பக்கத்து நண்பர் தம் கையைச் சற்றே முன்னே கொண்டு வந்தால், கயிறு நெளிந்து தன்மீதே சுற்றிக் கொள்ளும்.

நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களின் உள்ளே இதே சோதனை ஒவ்வொரு வினாடியும் நடந்து கொண்டிருக்கிறது. கயிற்றின் இடத்தில் இருப்பது டி.என்.ஏ. பென்சிலின் இடத்தில் இருப்பது மரபணுவைப் படியெடுக்கும் நொதி. எந்த மரபணு விழிக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்பதை முடிவு செய்வதில் இந்த இறுக்கத்திற்கும் தளர்ச்சிக்கும் பெரும் பங்கு உண்டு என்பது கடந்த அறுபது ஆண்டுகளில் சிறிது சிறிதாகத் தெளிவாகியுள்ளது.

மரபணுக்களின் கட்டுப்பாடு என்றதும் நம் பாடநூல்கள் பிரெஞ்சு அறிஞர்களான ஜாக்கோப், மோனோ இருவரும் 1961-ஆம் ஆண்டில் கூறிய கொள்கையை நினைவூட்டும். ஒரு புரதம் டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட இடத்தில் வந்து அமர்ந்தால் மரபணு அடைபடுகிறது. அது விலகினால் மரபணு செயல்படுகிறது. மின் விளக்கின் சுவிட்சைப் போன்றது இது. இக்கொள்கை முற்றிலும் சரியே. ஆனால் சுவிட்சைப் பற்றி மட்டும் பேசுகிறவர், கம்பியில் மின்னழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும் அல்லவா? டி.என்.ஏ.யின் முறுக்கு அந்த மின்னழுத்தத்தைப் போன்றது. இயற்பியல் கற்பிக்கும் நான் உயிரியல் வேலியைத் தாண்டி இக்கட்டுரையை எழுத முற்பட்டதற்கு அதுவே காரணம்.

அவிழ்க்க முடியாத முடிச்சா?

முதலில் அளவுகளைப் பார்ப்போம். ஈ. கோலை என்னும் பாக்டீரியாவின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. அதன் டி.என்.ஏ. முனைகளற்ற ஒரே வளையம். அதில் ஏறத்தாழ 46 இலட்சம் கார இணைகள் உள்ளன. வளையத்தை ஓரிடத்தில் வெட்டி நேராக நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். தன்னைவிட எழுநூறு மடங்குக்கு மேல் நீளமான நூலை இந்த உயிர் தன் வயிற்றுக்குள் சுருட்டி வைத்திருக்கிறது. பத்தரை கார இணைகளுக்கு ஒரு முறை புரிகள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஆகவே மொத்தச் சுற்றுகள் 4 இலட்சத்து 40 ஆயிரம் அளவில் இருக்கும்.

வாட்சனும் கிரிக்கும் 1953-இல் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்டபோதே இதில் ஒரு சிக்கல் இருப்பது பலருக்கும் தெரிந்தது. பாக்டீரியா இரண்டாகப் பிரியும் முன் இரண்டு புரிகளும் முற்றாகப் பிரிந்தாக வேண்டும். நகலெடுக்கும் பொறி வினாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் கார இணைகளைக் கடக்கிறது. அப்படியானால் அதற்கு முன்னால் உள்ள டி.என்.ஏ. வினாடிக்கு நூறு சுற்றுகள் வரை, அதாவது நிமிடத்திற்கு ஆறாயிரம் சுற்றுகள் வரை, சுழல வேண்டும். நம் வீட்டு மின்விசிறி முழு வேகத்தில் ஓடினாலும் நிமிடத்திற்கு நானூறு சுற்றுகளைத் தாண்டுவதில்லை! இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு வந்த மாக்ஸ் டெல்புரூக், 1954-ஆம் ஆண்டிலேயே, புரிகளை ஆங்காங்கே வெட்டி மீண்டும் ஒட்டினால் ஒழிய இது நடவாது என்று வாதிட்டார்.

இச்சிக்கல் சிலரை வேறொரு திசையில் சிந்திக்கத் தூண்டியது. புரிகள் உண்மையில் ஒன்றையொன்று சுற்றவே இல்லையோ? பக்கத்தில் பக்கத்தில் நின்று, சற்றுத் தொலைவு வலமாகவும் சற்றுத் தொலைவு இடமாகவும் வளைந்து செல்கின்றனவோ? 1976-இல் நியூசிலாந்தில் ராட்லியின் குழுவினரும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வி. சசிசேகரனும் தனித்தனியே இத்தகைய மாதிரிகளை முன்வைத்தனர். சசிசேகரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனுடன் பணியாற்றி, 1963-இல் வெளிவந்த புகழ்பெற்ற 'ராமச்சந்திரன் வரைபட'த்தை உருவாக்கிய மூவருள் ஒருவர். இந்த மாதிரி நிலைக்கவில்லை. ஆயினும் அது கேட்ட கேள்வி நல்ல கேள்வி. விடை கூறக் கிரிக்கே மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. வாங், பாயர் ஆகியோருடன் சேர்ந்து 1979-இல் அவர் எழுதிய கட்டுரை, டி.என்.ஏ. உண்மையில் இரட்டைச் சுருளே என்று நிறுவியது. அதற்கு அவர்கள் எடுத்துக்காட்டிய சான்றுகளுள் தலையாயவை வளைய வடிவ டி.என்.ஏ.யில் முறுக்கை எண்ணிப் பார்த்த சோதனைகள்தாம்.

முறுக்கின் மேல் முறுக்கு

வளையத்தில் அப்படி என்ன புதுமை? அமெரிக்காவில், கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில், ஜெரோம் வினோகிராட் 1965-ஆம் ஆண்டில் பாலியோமா என்னும் வைரசின் டி.என்.ஏ.யை அதிவேகமாகச் சுழலும் மையவிலக்குப் பொறியில் இட்டு ஆராய்ந்தார். வளையம் முழுமையாக இருந்தபோது அது விரைந்து அடியில் இறங்கிற்று. இரண்டு புரிகளுள் ஒன்றில் ஒரே ஓர் இடத்தில் வெட்டு விழுந்தாலோ, அதே வளையம் மெதுவாக இறங்கிற்று. எடை மாறவில்லை, நீளமும் மாறவில்லை. மாறியது வடிவம் மட்டுமே. முழு வளையம் தன்மீதே சுற்றிக்கொண்டு திரண்டு கிடந்தது. வெட்டு விழுந்ததும் புரி சுழன்று, முறுக்கு அவிழ்ந்து, வளையம் விரிந்தது என்று வினோகிராட் விளக்கினார். முறுக்கிய நூல் மேலும் தன்னைத் தானே முறுக்கிக் கொள்ளும் இந்நிலையை நாம் 'மீமுறுக்கு' என்று குறிப்போம்.

ஓர் எளிய சோதனை இதைப் புரிய வைக்கும். ரிப்பன் நாடா ஒன்றைப் பென்சிலின் மீது நாலைந்து முறை சுற்றுங்கள். நாடாவின் முனைகள் இரண்டையும் சுழல விடாமல் பிடித்துக்கொண்டு பென்சிலை உருவிவிட்டு நாடாவை இழுங்கள். சுற்றுகள் மறைந்து போகும். அதற்குப் பதிலாக நாடாவின் உடலில் திருகல் தோன்றும். கையைத் தளர்த்தினால் திருகல் மறைந்து மீண்டும் சுற்றுகள் தோன்றும். ஒன்று குறைந்தால் மற்றது கூடும்; கூட்டுத்தொகை மாறாது. வளையத்திற்கும் இதே விதிதான். இரு புரிகளும் ஒன்றோடொன்று எத்தனை முறை பிணைந்துள்ளன என்பதை இணைப்பு எண் என்கிறோம். இணைப்பு எண் = புரிகளின் திருகல் + வளையத்தின் நெளிவு. புரியை வெட்டாமல் இந்த எண்ணை மாற்ற முடியாது. கணித அறிஞர்கள் இதற்குத் துல்லியமான நிறுவலையும் தந்துள்ளனர்.

ஈ. கோலைக்குள் பெரிய வளையத்தோடு பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையங்களும் இருப்பதுண்டு. கணக்கிடுவதற்கு வசதியாக 5,250 கார இணைகள் கொண்ட பிளாஸ்மிட் ஒன்றை எடுத்துக் கொள்வோம். தளர்ந்த நிலையில் அதில் 500 சுற்றுகள் இருக்க வேண்டும். ஆனால் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 470-தான் இருக்கும். நூற்றுக்கு ஆறு என்ற அளவில் முறுக்குக் குறைவாக உள்ளது. இதுவே எதிர் மீமுறுக்கு. உயிருள்ள பாக்டீரியாவில் இக்குறையில் சுமார் பாதியைப் புரதங்கள் சுற்றிப் பிடித்து வைத்துக் கொள்கின்றன. எஞ்சிய பாதியே நூலில் விசையாக நிற்கிறது.

வேண்டுமென்றே முறுக்கைக் குறைத்து வைப்பானேன்? இங்குதான் மரபணு மேடைக்கு வருகிறது.

மரபணுவைப் படியெடுக்க வரும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் நொதி, மரபணுவின் தலைமாட்டில் உள்ள புரோமோட்டர் என்ற பகுதியில் முதலில் அமர்கிறது. அமர்ந்தால் போதாது, அங்கே பன்னிரண்டு பதின்மூன்று கார இணைகளைப் பிரித்து, புரிகளைத் திறந்தால்தான் எழுத்துகளைப் படிக்க இயலும். அவ்வாறு திறப்பது ஏறத்தாழ 1.2 சுற்று முறுக்கை அவிழ்ப்பதற்குச் சமம். மீமுறுக்கில் சேமிக்கப்பட்டிருக்கும் ஆற்றல், முறுக்குக் குறையின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருப்பதை 1975-இல் அளந்து கண்டனர். சுருள்வில்லை இழுக்கும்போது நாம் காணும் அதே விதி! இப்போது கணக்குப் போடுவோம். தளர்ந்த வளையத்தில் குறை 0. பாலிமரேஸ் புரிகளைத் திறந்ததும் எஞ்சிய பகுதியில் 1.2 சுற்று மிகை ஏறும். அதன் வர்க்கம் 1.44. அந்த அளவு ஆற்றலைப் புதிதாகச் செலவிட வேண்டும். ஏற்கெனவே 30 சுற்றுக் குறைந்த வளையத்திலோ, திறந்த பின் குறை 28.8 ஆகும். 30-இன் வர்க்கம் 900, 28.8-இன் வர்க்கம் ஏறத்தாழ 829. எழுபது பங்குக்கு மேல் ஆற்றல் இலாபமாகக் கிடைக்கிறது. அதைக் கொண்டே கார இணைகளின் பிணைப்பை உடைக்கலாம். புரதங்கள் பிடித்துக் கொண்ட பாதியைக் கழித்துப் பார்த்தாலும் இலாபம் இலாபம்தான். எதிர் மீமுறுக்கு, திறப்பதற்கென்றே நூலில் ஏற்றி வைத்த ஆற்றல் எனலாம்.

எல்லா மரபணுக்களும் ஒன்றுபோல் அல்ல

இந்தக் கணக்கை மட்டும் நம்பினால் எதிர் மீமுறுக்கு மிகுந்தால் எல்லா மரபணுக்களும் ஒருசேர விழிக்க வேண்டும். அவ்வாறு நிகழ்வதில்லை. புரோமோட்டரின் அமைப்பு இடத்திற்கு இடம் வேறுபடுகிறது.

பாலிமரேஸ் புரோமோட்டரில் இரண்டு இடங்களைப் பற்றிக் கொள்கிறது. படியெடுப்பு தொடங்கும் இடத்திலிருந்து பத்து எழுத்துகள் முன்னால் ஒன்று. முப்பத்தைந்து எழுத்துகள் முன்னால் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு 17 கார இணைகளாக இருப்பது மிகவும் ஏற்றது. இது 16 ஆனாலோ 18 ஆனாலோ என்ன கெட்டுவிடும்? தொலைவு மாறுவது மிகக் குறைவு, ஆனால் டி.என்.ஏ. சுருள் அல்லவா? ஒவ்வொரு கார இணைக்கும் சுமார் 34 பாகை திரும்புகிறது. ஆகவே ஓர் இணை கூடினாலும் குறைந்தாலும் இரண்டு பிடிகளும் ஒரே முகத்தில் அமையாமல் விலகி நிற்கும். இந்நிலையில் மீமுறுக்குச் சற்று மாறினால் இடைப்பட்ட பகுதியின் திருகலும் மாறி, விலகி நின்ற பிடி நேராகலாம். நேராக நின்றது விலகியும் போகலாம். இன்னொன்று, தொடக்க இடத்தை ஒட்டிக் குவானின்–சைட்டோசின் இணைகள் செறிந்திருந்தால் அவற்றைப் பிரிப்பது கடினம். ரைபோசோமுக்கு வேண்டிய ஆர்.என்.ஏ.க்களைத் தரும் மரபணுக்கள் இத்தகையவை. அவை முழு வேகத்தில் இயங்க வலுவான எதிர் மீமுறுக்கு வேண்டும்.

2004-ஆம் ஆண்டில் ஈ. கோலையின் முறுக்கைத் தளர்த்திவிட்டு அதன் மரபணுக்கள் அனைத்தையும் ஒரே நேரத்தில் கண்காணித்தனர். 306 மரபணுக்கள் விரைந்து எதிர்வினை காட்டின. இது மொத்தத்தில் நூற்றுக்கு ஏழு. அவற்றுள் 200 அடங்கின. 106 எழுச்சி பெற்றன. ஒரே விசை சிலவற்றைத் தூங்க வைத்து, வேறு சிலவற்றைத் தட்டி எழுப்புகிறது.

இரண்டு கைகள்

முறுக்கை இந்த அளவில் வைத்திருப்பவர் யார்? டெல்புரூக் ஊகித்த வெட்டி ஒட்டும் வேலைக்காரர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். 1971-இல் ஜேம்ஸ் வாங் ஈ. கோலையிலிருந்து ஒரு நொதியைப் பிரித்தெடுத்தார். இன்று டோப்போஐசோமரேஸ்-1 என்று வழங்கும் அது, ஒரு புரியை வெட்டி, முறுக்குக் குறையில் ஒன்றைத் தளர்த்திவிட்டு, மீண்டும் ஒட்டிவிடுகிறது. 1976-இல் மார்ட்டின் கெல்லர்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் அதற்கு எதிர்வேலை செய்யும் நொதியைக் கண்டனர். அதுவே கைரேஸ். அதன் வேலை கேட்பதற்கே வியப்பாக இருக்கும். டி.என்.ஏ.யின் ஒரு பகுதியில் இரண்டு புரிகளையும் ஒருசேர வெட்டுகிறது. அந்த இடைவெளியின் ஊடே அதே டி.என்.ஏ.யின் மற்றொரு பகுதியைக் கடத்துகிறது; வெட்டிய முனைகளைப் பிசகாமல் ஒட்டிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் இணைப்பு எண் இரண்டு குறைகிறது. வெட்டிய முனைகளை அது கைவிட்டால் பாக்டீரியா பிழைப்பது அரிது.

கைரேஸ் சும்மா வேலை செய்வதில்லை. உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யை அதற்குக் கூலியாகக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஏ.டி.பி., ஏ.டி.பி. என்றே தமிழில் ஒலிக்கும் குழப்பம் வேண்டாம் என்பதற்காக, செலவழிந்த நாணயம் என்று நான் குறிப்பிடும் வேறொரு மூலக்கூறாக மாறுகிறது. செலவழிந்த நாணயம் மிகுந்தால் கைரேஸின் கை ஓய்கிறது. ஆகவே டி.என்.ஏ.யில் நிற்கும் முறுக்கு, உயிரணுவின் கையிருப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் அளவுமானி ஆகிவிடுகிறது.

இதுவே இக்கதையின் உயிர்நாடி என்பது என் கருத்து. உணவு நிறைந்திருக்கும்போது ஏ.டி.பி. பெருகும், கைரேஸ் சுறுசுறுப்பாக இயங்கும், எதிர் மீமுறுக்கு வலுக்கும், ரைபோசோமுக்கான மரபணுக்கள் முழு மூச்சில் படியெடுக்கப்படும், பாக்டீரியா விரைந்து பெருகும். உணவு தீர்ந்து போகும்போது ஏ.டி.பி. குறையும், முறுக்குத் தளரும், வளர்ச்சிக்கான மரபணுக்கள் அடங்கும். தனியாக ஒரு தூதனை அனுப்பி ஒவ்வொரு மரபணுவிடமும் 'பஞ்சம் வந்துவிட்டது' என்று சொல்ல வேண்டியதில்லை. அவை எழுதப்பட்டிருக்கும் நூலே அதைச் சொல்லிவிடுகிறது. இச்செய்தியோடு தனிப் புரதங்களும் சிறு மூலக்கூறுகளும் தத்தம் ஆணைகளைப் பிறப்பிக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

முறுக்கு எல்லை மீறாதபடி காக்கும் ஏற்பாடு இன்னும் நேர்த்தியானது. கைரேஸை ஆக்கும் மரபணுக்களின் புரோமோட்டர்கள் மற்றவற்றுக்கு நேர்மாறானவை. முறுக்குத் தளர்ந்தால் அவை விழிக்கின்றன. கைரேஸ் கூடுதலாகி, முறுக்கை மீட்கிறது. முறுக்கு ஏறினால் அடங்குகின்றன. இதை 1983-இல் மென்செலும் கெல்லர்ட்டும் காட்டினர். டோப்போஐசோமரேஸ்-1 மரபணுவோ, எதிர் மீமுறுக்கு ஏறும்போது விழிக்கிறது. இஸ்திரிப் பெட்டியில் வெப்பம் ஏறினால் தானே அணைந்து, இறங்கினால் தானே எரியும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டை இதற்கு ஒப்பிடலாம்.

மீண்டும் பென்சிலும் கயிறும்

இதுவரை முறுக்கு மரபணுவை ஆள்வதைப் பார்த்தோம். மரபணுவும் முறுக்கை ஆள்கிறது என்பதுதான் தொடக்கத்தில் நாம் செய்த சோதனையின் பொருள்.

பாலிமரேஸ் வினாடிக்குச் சுமார் 50 எழுத்துகளைப் படியெடுக்கிறது. சுருளின் வழியே செல்வதால் அது வினாடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை டி.என்.ஏ.யைச் சுற்றி வர வேண்டும். ஆனால் அதன் வாலில், அப்போதுதான் எழுதி முடித்த ஆர்.என்.ஏ. இழை தொங்குகிறது. பாக்டீரியாவில் அவ்விழை முடிவதற்கு முன்பே அதன்மேல் ரைபோசோம்கள் வரிசையாக ஏறிப் புரதம் கட்டத் தொடங்கிவிடுகின்றன. இத்தனை சுமையோடு பாலிமரேஸ் எப்படிச் சுழலும்? அது சுழலாமல் நேராகச் செல்ல, டி.என்.ஏ.தான் சுழல வேண்டியதாகிறது. அதனால் முன்னால் முறுக்கு மிகுந்து நேர் மீமுறுக்கும், பின்னால் முறுக்குக் குறைந்து எதிர் மீமுறுக்கும் எழுகின்றன. 1987-ஆம் ஆண்டில் லியூவும் வாங்கும் முன்வைத்த இக்கருத்து, இரட்டை மண்டலக் கொள்கை எனப் பெயர் பெற்றது.

இதனால் துலங்கிய பழைய புதிர் ஒன்றைச் சொல்ல வேண்டும். சால்மோனெல்லா பாக்டீரியாவில் லியூ-500 என்றொரு குறைபாடு உண்டு. லியூசின் என்னும் அமினோ அமிலத்தை ஆக்கும் மரபணுக்களின் புரோமோட்டரில் ஓர் எழுத்து மாறிப் போனதால் வந்த குறை இது. அடினின் இருந்த இடத்தில் குவானின் வந்துவிட, அந்த இடம் திறப்பதற்குக் கடினமாகிவிட்டது. லியூசினை வெளியிலிருந்து கொடுத்தால்தான் அந்தப் பாக்டீரியா வளரும். ஆனால் முற்றிலும் வேறோர் இடத்தில் மற்றொரு மரபணு பழுதானால் இக்குறை தானே நீங்கிவிடுவதை ஆய்வாளர்கள் கண்டனர். ஒரு பழுதை மற்றொரு பழுது சரி செய்வதா? அந்த இரண்டாவது மரபணு எதுவென்று தேடியபோது, அது டோப்போஐசோமரேஸ்-1 என்று தெரிய வந்தது. பக்கத்து மரபணுக்களில் ஓடும் பாலிமரேஸ்கள் தமக்குப் பின்னால் எதிர் மீமுறுக்கை விட்டுச் செல்கின்றன. அதைத் துடைக்க வேண்டிய கை இல்லாததால் அது தேங்கி நிற்கிறது. திறக்க மறுத்த புரோமோட்டர், அந்தத் தேங்கிய விசையால் திறந்துகொள்கிறது.

இதிலிருந்து பெறப்படுவது, மரபணுக்களுக்கு அக்கம்பக்கம் முக்கியம் என்பது. ஒன்றுக்கொன்று முதுகு காட்டி எதிரெதிர்த் திசைகளில் ஓடும் இரு மரபணுக்கள், இடைப்பட்ட பகுதியில் எதிர் மீமுறுக்கைப் பெருக்கி ஒன்றுக்கொன்று உதவலாம். நேருக்கு நேர் ஓடி வருபவை இடையில் நேர் மீமுறுக்கைக் குவித்து ஒன்றையொன்று தடுக்கும். ஆனால் இந்த விசை வளையம் முழுவதும் பரவுவதில்லை. ஈ. கோலையின் டி.என்.ஏ. ஏறத்தாழ பத்தாயிரம் கார இணைகள் கொண்ட நூற்றுக்கணக்கான மடல்களாகப் பிரிந்திருப்பதாகக் கண்டுள்ளனர். ஒரு மடலில் வெட்டு விழுந்து முறுக்கு அவிழ்ந்தாலும் அடுத்த மடல் விறைப்பாகவே இருக்கும்.

பாலிமரேஸின் வலிமையையும் அளந்துவிட்டார்கள். ஒரே ஒரு மூலக்கூற்றைப் பிடித்து அது எவ்வளவு திருப்புவிசை தரும் என்று 2013-இல் கண்டபோது, 11 பிக்கோநியூட்டன்-நானோமீட்டர் என்ற விடை கிடைத்தது. அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளின் வெப்ப ஆற்றல் இதே அலகில் சுமார் 4. பாலிமரேஸ் ஒரு ரேடியன் திருப்பிச் செய்யும் வேலை அந்த ஆற்றலைப் போல மூன்று மடங்குகூட இல்லை! இதற்கு மேல் முன்னால் முறுக்கு ஏறினால் அது நின்றுவிடும், நம் பென்சில் நின்றதைப் போல. கைரேஸ் வந்து முறுக்கை நீக்கும்வரை அந்த மரபணு ஊமைதான். வேகமாகப் படியெடுக்கப்படும் மரபணுக்கள் தொடர்ந்து பேசாமல், சிறிது நேரம் பொழிந்தும் சிறிது நேரம் ஓய்ந்தும் இயங்குவதற்கு இதுவே காரணம் என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சன்னி சியின் குழுவினர் 2014-இல் காட்டினர். ஒரே தாயிடம் பிறந்து ஒரே குழம்பில் வளரும் இரண்டு பாக்டீரியாக்கள் ஒரே கணத்தில் வெவ்வேறு அளவில் புரதம் வைத்திருப்பது இதனாலும்தான்.

நோயும் மருந்தும்

முறுக்கு, வெளியுலகின் செய்தியையும் உள்ளே கொண்டு வருகிறது. சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா, வெளியில் 30 பாகை வெப்பத்தில் வளரும்போது சாதுவாக இருக்கிறது. 37 பாகையில், அதாவது நம் உடலின் வெப்பத்தில், குடற்சுவரைத் துளைக்கும் மரபணுக்களை எழுப்புகிறது. இம்மாற்றத்தில் மீமுறுக்குக்குப் பங்கு உண்டு என்று டார்மனும் ஹிக்கின்சும் 1990-இல் தெரிவித்தனர். டி.என்.ஏ.யைப் போர்த்தி அடக்கி வைக்கும் புரதமொன்றும் இதில் கூட்டாளி.

பரிணாமமும் இந்தத் திருகாணியில் கை வைக்கிறது. அமெரிக்காவில் ரிச்சர்டு லென்ஸ்கி 1988-இல் பன்னிரண்டு குடுவைகளில் ஈ. கோலையை வளர்க்கத் தொடங்கினார். நாள்தோறும் புதுக் குழம்பிற்கு மாற்றி, தலைமுறை தலைமுறையாக வளர்த்தனர். இருபதாயிரம் தலைமுறைகள் கடந்தபின் பார்த்தபோது, பெரும்பாலான குடுவைகளில் டி.என்.ஏ.யின் முறுக்கே மாறிப் போயிருந்தது. அவற்றுள் ஒன்றில் டோப்போஐசோமரேஸ்-1 மரபணுவில் நேர்ந்திருந்த மாற்றத்தை மட்டும் எடுத்து மூதாதைப் பாக்டீரியாவில் புகுத்தினார்கள். அதுவும் முன்னைவிட வேகமாகப் பெருகிற்று. 2005-இல் வெளிவந்த முடிவு இது.

நமக்கு மிகவும் வேண்டிய செய்தி கைரேஸைப் பற்றியது. மனித உயிரணுக்களில் கைரேஸ் இல்லை. ஆகவே அதைத் தாக்கும் பொருள், நம்மைப் பெரிதும் வருத்தாமல் பாக்டீரியாவைக் கொல்லும். 1962-இல் அறிவிக்கப்பட்ட நாலிடிக்சிக் அமிலம், மலேரியா மருந்தான குளோரோகுயினை ஆக்கும் முயற்சியில் கிடைத்த துணைப்பொருளிலிருந்து பிறந்தது. அது எதைத் தாக்குகிறது என்று தெரியாமலே பல ஆண்டுகள் சிறுநீர்த் தாரை நோய்களுக்குக் கொடுத்து வந்தார்கள். கைரேஸ் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், 1977-இல்தான் இலக்கு அதுவே என்று தெளிவாயிற்று. அதன் வழிவந்ததே நாம் நன்கறிந்த சிப்ரோஃப்ளோக்சசின். இம்மருந்துகள் கைரேஸின் வேலையைத் தொடங்க விட்டு, நடுவில் பிடித்துக் கொள்கின்றன. டி.என்.ஏ. வெட்டப்பட்டாயிற்று, ஒட்டுவதற்கு விடுவதில்லை. உடைந்த முனைகளோடு பாக்டீரியா மடிகிறது. நோவோபயோசின் என்ற மற்றொரு மருந்தின் வழி வேறு. அது கைரேஸ் ஏ.டி.பி.யைப் பயன்படுத்த விடாமல் பட்டினி போடுகிறது.

பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. கைரேஸின் ஒரு பகுதியில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே சிப்ரோஃப்ளோக்சசினின் பிடி நழுவுகிறது. ஒரு காலத்தில் டைபாய்டுக் காய்ச்சலுக்கு நம் நாட்டில் கண்கண்ட மருந்தாக இருந்த இது, இப்போது பெரும்பாலான டைபாய்டுக் கிருமிகளிடம் வலுவிழந்து நிற்பதற்கு இத்தகைய மாற்றங்களே முதற் காரணம். மருத்துவர் எழுதிக் கொடுக்காமலே கடையில் கேட்டு வாங்கி, இரண்டு நாள் விழுங்கிவிட்டு நிறுத்துகிற வழக்கம் இம்மாற்றங்களைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

காசநோய்க் கிருமியின் நிலை தனிப்பட்டது. ஈ. கோலையிடம் இவ்வகை நொதிகள் நான்கு உள்ளன. காசநோய்க் கிருமி இரண்டே இரண்டை வைத்துக்கொண்டு வாழ்க்கை நடத்துகிறது: ஒரு டோப்போஐசோமரேஸ்-1, ஒரு கைரேஸ். மற்ற மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்குத் தரப்படும் மாக்சிஃப்ளோக்சசின் இந்தக் கைரேஸையே தாக்குகிறது. மாற்றாள் இல்லாத இக்கிருமி, இரட்டை மண்டலக் கொள்கையைச் சோதித்துப் பார்க்கவும் ஏற்றதாயிற்று. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வி. நாகராஜாவின் குழுவினர், சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களுடன் சேர்ந்து, இக்கிருமியின் டி.என்.ஏ. முழுவதிலும் பாலிமரேஸ் எங்கே நிற்கிறது, கைரேஸ் எங்கே, டோப்போஐசோமரேஸ் எங்கே என்று குறித்து ஒரு வரைபடமே தயாரித்தனர். 2017-இல் அது வெளிவந்தது. சுறுசுறுப்பாகப் படியெடுக்கப்படும் மரபணுக்களில் மூன்றும் ஒன்றுகூடியிருந்தன. பாலிமரேஸுக்கு முன்னால், முறுக்கு இறுகும் இடத்தில் கைரேஸ் நின்றது. பின்னால், முறுக்குத் தளரும் இடத்தில் டோப்போஐசோமரேஸ்-1 நின்றது.